அப்பளத்தில் ஓர் அலைநீளம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் என்னைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு வந்திருந்தது. மலேசிய விமானப்படையில் 31 ஆண்டுகள் ரேடார் பொறியாளராக இருந்தவர், 2014 முதல் பட்டர்வொர்த்தில் இடைநிலைப்பள்ளியின் படிவம் 4, படிவம் 5 பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறார் என்ற செய்தி. அதைப் படித்துவிட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள். கடிதங்களை ஒரு காகிதப் பையில் போட்டு ஆசிரியர் குழு என்னிடம் கொடுத்தது. எல்லாவற்றையும் படித்தேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, முடிந்தவரை இங்கே பதில் எழுதுகிறேன்.

ஓய்வூதியம் வருகிறது, பிள்ளைகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். பேரப்பிள்ளைகளைக் கொஞ்சிக்கொண்டு வீட்டில் இருக்காமல் எதற்கு இந்த வேலை?
*(ஓய்வு பெற்ற தபால் ஊழியர், பட்டர்வொர்த்)*

நானும் அப்படி இருக்கத்தான் நினைத்தேன், நண்பரே. நான்கு மாதம் இருந்தும் பார்த்தேன். காலையில் பாசாருக்குப் போவேன், வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவேன், மதியம் தூங்குவேன்.

ஒரு சனிக்கிழமை பக்கத்து வீட்டுப் பெண் பயிற்சிப் புத்தகத்தோடு வந்தாள். அப்போது படிவம் 4. டிக்கர் டேப் கணக்கு. ஒரு காகித நாடாவைத் தள்ளுவண்டியில் ஒட்டி இழுப்பார்கள். அதிரும் கருவி ஒன்று அந்த நாடாவில் வினாடிக்கு 50 புள்ளி குத்தும். புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை வைத்து வண்டியின் வேகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அவளுக்குக் கணக்குப் போடத் தெரிந்திருந்தது. ஒரு டிக், அதாவது ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளி வரை ஆகும் நேரம், 0.02 வினாடி என்று தயங்காமல் எழுதினாள். "ஏன் 0.02?" என்று கேட்டேன். "டீச்சர் அப்படித்தான் சொன்னாங்க அங்கிள்" என்றாள்.

சுவரில் இருந்த பிளக்கைக் காட்டினேன். நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை திசை மாறி மாறி வருகிறது. அந்தக் கருவிக்குள் இருக்கும் உலோகத் தகடும் அதே தாளத்தில் 50 முறை அடிக்கிறது. ஒரு வினாடியை 50-ஆல் வகுத்தால் 0.02. அவ்வளவுதான். அவள் கொஞ்ச நேரம் பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்: "அமெரிக்காவில் கரண்ட் வேற மாதிரின்னு அப்பா சொன்னாரு. இதே மெஷினை அங்க கொண்டு போனா?"

அங்கே 60 முறை. ஒரு டிக் 0.0167 வினாடி. அதை நான் சொல்லவில்லை, அவளே வகுத்துச் சொன்னாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பணியில் இருந்தபோது எத்தனையோ இளம் தொழில்நுட்பர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். பலர் கெட்டிக்காரர்கள். ஆனால் பழுது வந்தால் ஒரு மின்சுற்று அட்டையைக் கழற்றுவார்கள், புதியதைச் செருகுவார்கள், பச்சை விளக்கு எரிந்தால் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். ஏன் கெட்டது என்ற கேள்வியே எழாது. பயிற்சி முறையில்தான் கோளாறு என்று பல வருஷம் எண்ணியிருந்தேன். 16 வயதிலேயே, "டீச்சர் சொன்னாங்க" என்ற இடத்திலேயே அது தொடங்கிவிடுகிறது என்பது அந்தச் சனிக்கிழமைதான் புரிந்தது. புரிந்துகொண்டு சும்மா உட்கார என்னால் முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் மூன்று தோழிகளோடு வந்தாள். கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். கார் வெளியே போனது. இன்று வரை வெளியேதான் நிற்கிறது.

எல்லா ஃபார்முலாவும் மனப்பாடம். ஆனால் தேர்வில் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டாலும் கை ஓடுவதில்லை. என்ன செய்வது சார்?
*(படிவம் 4 மாணவி, சுங்கைப்பட்டாணி)*

மகளே, உன் கடிதம் மாதிரியே எட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

என் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. நோட்டுப் புத்தகத்தின் இடது ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கோடு போட வேண்டும். கணக்கைத் தொடுவதற்கு முன், விடை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று அந்த ஓரத்தில் எழுத வேண்டும். கால்குலேட்டர் பைக்குள் இருக்கும். ஊகம் தப்பாகலாம், அதற்காக யாரும் திட்ட மாட்டார்கள். ஓரம் காலியாக இருந்தால்தான் எனக்கு வருத்தம்.

எதற்கு இது? பினாங்குப் பாலத்தை எடுத்துக்கொள். 1985-இல் திறந்தது. மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் கடலுக்கு மேலே 8.4 கிலோமீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் கடலைக் கடக்க எவ்வளவு நேரம்? அப்பா காரில் பின்சீட்டில் உட்கார்ந்து எத்தனை முறை போயிருப்பாய்! "ஆறு ஏழு நிமிஷம் இருக்கும்" என்று உன் உடம்புக்கே தெரியும். கணக்குப் போட்டால் 6.3 நிமிடம். இப்போது ஒரு மாணவர் மணியை நிமிடமாக மாற்றும்போது தடுமாறி 0.1 நிமிடம் என்று எழுதுகிறார் என்று வை. ஓரத்தில் 7 என்று எழுதியிருந்தால் அவருக்கே உறுத்தும், திரும்பிப் பார்ப்பார். எதுவும் எழுதாதவர் 0.1-க்குக் கீழே இரண்டு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்.

இந்தப் பாடத்தை நான் சிரமப்பட்டுக் கற்றேன். பணியில் சேர்ந்த முதல் வருஷம். ரேடார் என்பது ஒரு ரேடியோ துடிப்பை அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் கருவி. அந்தத் துடிப்பு ஒளியின் வேகத்தில் போகிறது, வினாடிக்கு சுமார் 3 லட்சம் கிலோமீட்டர். அதாவது ஒரு மைக்ரோ வினாடியில் 300 மீட்டர். ஒரு பயிற்சியில் எதிரொலி 200 மைக்ரோ வினாடியில் வந்தது. நான் உடனே 60 கிலோமீட்டர் என்று எழுதிக் கொடுத்தேன். பட்டம் வாங்கி வந்த பெருமை வேறு.

ஒரு மலாய் சார்ஜன்ட் அதைப் பார்த்தார். பெரிய படிப்பு இல்லை, ஆனால் திரைக்கு முன்னால் இருபது வருஷம் உட்கார்ந்தவர். அவர் ஃபார்முலா எதுவும் சொல்லவில்லை. விரலை மேசையில் வைத்து முன்னால் நகர்த்தினார், பின்னால் இழுத்தார். "பெர்கி, பாலிக்" என்றார். போகிறது, வருகிறது. நேரம் இரண்டு பயணத்துக்கும் சேர்த்து. அப்படியானால் விமானம் 30 கிலோமீட்டரில்தான் இருக்கிறது. நான் அதை இரண்டு மடங்கு தூரத்தில் வைத்துவிட்டேன். பயிற்சி என்பதால் பிழைத்தேன்.

அந்த சார்ஜன்ட்டின் விரலை நான் மறந்ததே இல்லை. என் பிள்ளைகளும் எதிரொலிக் கணக்கு வந்தால் முதலில் மேசையில் விரலை வைத்து நகர்த்துவார்கள். தேர்வு மண்டபத்திலும் அப்படிச் செய்கிறார்களாம்.

உனக்கு என் யோசனை இதுதான். நாளைக்கு ஒரு பாடத்தை எடு, ஐந்து கணக்கு போதும். ஒவ்வொன்றுக்கும் முதலில் ஒரு படம் வரை. எது நகர்கிறது, எது எதைத் தள்ளுகிறது என்று அம்புக்குறி போடு. ஓரத்தில் ஊகத்தை எழுது. அதற்குப் பிறகு ஃபார்முலாவைத் தேடு. முதல் வாரம் மெதுவாக இருக்கும், பரவாயில்லை. மூன்றாவது வாரம் எனக்கு எழுது.

என் மகன் தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்தான். இடைநிலைப்பள்ளியில் எல்லாம் மாறிவிட்டது. நீங்கள் எந்த மொழியில் சொல்லிக் கொடுக்கிறீர்கள்?
*(லாரி ஓட்டுநர், நிபோங் திபால்)*

தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும். வேறு வழியில்லை, இருந்தாலும் வேண்டாம் என்பேன்.

நம் பிள்ளைகள் இந்த விஷயத்தில் நிறையவே அலைந்திருக்கிறார்கள். 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. 2012-இலிருந்து படிப்படியாக அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. 2016-இல் இருமொழித் திட்டம் வந்தது. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு மொழியில், தம்பி வேறு மொழியில் படித்த குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

ஆனால் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளையிடம் ஒரு சொத்து இருக்கிறது, அதை அவன் தொலைத்துவிடக் கூடாது. 'லாஜு', 'ஹலாஜு' என்று மலாயில் இரண்டு சொல். ஒன்று வேகம், மற்றொன்று திசையும் சேர்ந்த வேகம். பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொண்டே இருப்பார்கள். "திசைவேகம்" என்று ஒருமுறை தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்லுக்குள்ளேயே விளக்கம் இருக்கிறது, குழப்பம் அங்கேயே முடிந்துவிடும். 'ஜிசிம்' என்றால் அவன் ஆரம்பப் பள்ளியில் படித்த பொருண்மைதான். 'பெராட்' என்றால் எடை. பொருண்மை என்பது பொருளுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது, நிலாவுக்குப் போனாலும் மாறாது. எடை என்பது பூமி இழுக்கும் விசை, நிலாவில் ஆறில் ஒரு பங்காகிவிடும். கருத்தைத் தாய்மொழியில் பிடித்துக்கொண்டு, விடையைத் தேர்வு மொழியில் எழுதட்டும்.

என் வகுப்பின் சுவரில் மூன்று மொழிச் சொல் அட்டவணை ஒன்று இருக்கிறது. பிள்ளைகளே எழுதி ஒட்டியது. உங்கள் மகனிடம் அப்படி ஒன்று தயார் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் லாரி ஓட்டுகிறவர், உராய்வு, நிலைமம், பிரேக் பிடித்தால் வண்டி எவ்வளவு தூரம் போய் நிற்கும், சரக்கு ஏற்றினால் அது எப்படி மாறும் என்பதெல்லாம் உங்களுக்குக் கை அனுபவமாகத் தெரியும். மழையில் பாரத்தோடு பிரேக் போட்ட ஒரு நாளை அவனுக்குச் சொல்லுங்கள். புத்தகத்தில் அப்படி ஒரு பக்கம் கிடையாது.

வீட்டில் ஆய்வுக்கூடம் இல்லை. சமையலறையில் செய்யக்கூடிய ஒரு நல்ல சோதனை சொல்லுங்களேன்.
*(இரண்டு பிள்ளைகளின் தாய், பிறை)*

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன், அம்மா. ஒளியின் வேகத்தை அப்பளத்தால் அளக்கலாம்.

மைக்ரோவேவ் அடுப்பு ரேடாரின் சொந்தக்காரப் பிள்ளை. 1940-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டல், பூட் என்ற இருவர் மேக்னட்ரான் என்ற, நுண்ணலையை உண்டாக்கும் குழலைப் புதிய வடிவில் செய்தார்கள். ஒரு விமானத்துக்குள் வைக்கும் அளவுக்குச் சிறிய, ஆனால் வலிமையான ரேடார் அதனால்தான் சாத்தியமானது. போர் முடிந்த சமயம், அமெரிக்காவில் ரேடார் குழல் செய்யும் நிறுவனத்தில் பெர்சி ஸ்பென்சர் என்ற பொறியாளர் வேலை பார்த்தார். அந்தக் குழல் உணவைச் சூடாக்குவதைக் கவனித்தார். சட்டைப் பையில் இருந்த மிட்டாய் உருகியதுதான் தொடக்கம் என்று சொல்வார்கள். உங்கள் சமையலறைப் பெட்டிக்குள் இருப்பதும் ஒரு மேக்னட்ரான்தான்.

அடுப்புக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். 2450 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கும். வினாடிக்கு 245 கோடி அதிர்வு. இப்போது உள்ளே சுற்றும் கண்ணாடித் தட்டையும் அதன் கீழே உள்ள சக்கரத்தையும் எடுத்துவிடுங்கள். தட்டு சுற்றக் கூடாது, அதுதான் முக்கியம். ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் பொரிக்காத பெரிய அப்பளங்களை இடைவெளி இல்லாமல் பரப்புங்கள். 20 வினாடி ஓட்டிப் பாருங்கள், போதவில்லை என்றால் இன்னும் பத்து. கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருங்கள். அப்பளம் முழுக்க ஒரே சமயத்தில் பொரியாது. அங்கங்கே வெள்ளையாகக் கொப்பளிக்கும். இரண்டு மூன்று இடம் பொரிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

ஏன் அங்கங்கே? அலை பெட்டிச் சுவரில் பட்டுத் திரும்பி, எதிரே வரும் அலையோடு சேர்கிறது. சில இடங்களில் இரண்டும் சேர்ந்து வலுக்கும், சில இடங்களில் ஒன்றை ஒன்று அழிக்கும். வலுத்த இடத்தில் அப்பளம் பொரிகிறது. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு பொரிந்த இடங்களுக்கு நடுவே உள்ள தூரம் ஏறத்தாழ அரை அலைநீளம். (அலைநீளம் என்பது அலையின் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரம்.) அதை ஸ்கேலால் அளந்து, இரண்டால் பெருக்கி, அதிர்வு எண்ணிக்கையால் பெருக்கினால் வேகம் வந்துவிடும். போன வருஷம் ஒரு மாணவிக்கு 6.2 சென்டிமீட்டர் வந்தது. இருமடங்கு 12.4. பெருக்கினால் வினாடிக்கு 3 லட்சத்து 4 ஆயிரம் கிலோமீட்டர். சரியான அளவு 2,99,792 கிலோமீட்டரும் சொச்சமும். அப்பளத்தை வைத்து இவ்வளவு கிட்டே! அவள் அந்த அப்பளத்தைச் சாப்பிட மறுத்துவிட்டாள், நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

எல்லாருக்கும் இப்படி வராது. பெட்டிக்குள் அலை மூன்று திசையிலும் ஓடுவதால் சில சமயம் 5.5 வரும், சில சமயம் 7 வரும். பிள்ளை சோர்ந்துபோனால், இன்னும் நான்கு இடங்களை அளந்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள். ஏன் ஒவ்வொன்றும் மாறி வருகிறது என்று பேசுங்கள். அந்தப் பேச்சுதான் சோதனையின் முக்கியமான பகுதி. பக்கத்தில் நீங்கள் இருக்க வேண்டும். அடுப்பைக் காலியாக ஓட்டக் கூடாது, உலோகப் பாத்திரம் கூடாது, தட்டு சுடும்.

மைக்ரோவேவ் அடுப்பு இல்லாத வீட்டுக்கு இன்னொன்று. ஒரு மீட்டர் நூலில் ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிட்டு, லேசாக ஆட்டி விடுங்கள். 20 முறை போய்வர எவ்வளவு நேரம் என்று கைப்பேசியில் பாருங்கள். 40 வினாடியை ஒட்டி வரும். பாடநூல் புவியீர்ப்பு முடுக்கத்தை 9.81 என்கிறது. நாம் பூமியின் நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் பினாங்கில் அது 9.78-தான். "அப்போ கணக்கு தப்பா வருமா அங்கிள்?" என்று ஒரு பையன் கேட்டான். போட்டுப் பார்த்தோம். 20 ஆட்டத்துக்கு வித்தியாசம் 0.06 வினாடி. பொத்தானை அழுத்தும் நம் விரலின் தாமதமே அதைவிடப் பெரிது. எந்தப் பிழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டும், எதைப் பற்றி வேண்டாம் என்பதை அன்று அவன் ஒரு பூட்டிடமிருந்து தெரிந்துகொண்டான்.

டாக்டர் அப்துல் கலாம்தான் உங்களுக்கு முன்மாதிரியா?
*(கல்லூரி மாணவி, பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்)*

அவரோடு என்னை ஒப்பிடாதீர்கள், அம்மா. ஆனால் மனசில் அவர் இருந்தார், மறுக்க மாட்டேன். திருச்சியில் இயற்பியல் படித்து, சென்னையில் விமானப் பொறியியல் படித்து, ராக்கெட்டிலும் ஏவுகணையிலும் நாற்பது ஆண்டுக்கு மேல் உழைத்தவர். 2001 நவம்பரில் இந்திய அரசின் தலைமை அறிவியல் ஆலோசகர் பதவியை விட்டுவிட்டு அண்ணா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார். அப்போது வயது 70. அடுத்த ஆண்டே குடியரசுத் தலைவர் ஆகிவிட்டார், பதவிக் காலம் முடிந்ததும் திரும்பவும் வகுப்பறைக்குத்தான் வந்தார். 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்கள் முன்னால் பேசிக்கொண்டிருந்தபோதே சாய்ந்தார். மறுநாள் மாலை எனக்கு வகுப்பு இருந்தது. வகுப்பை ரத்து செய்யலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். வேண்டாம் என்று நடத்தினேன்.

எனக்கு இன்னும் நெருக்கமான முன்மாதிரி என் அப்பா. தாசேக் குளுகோர் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அந்தக் காலத்தில் பட்டர்வொர்த் தளத்தில் ஆஸ்திரேலியர்களின் மிராஜ் விமானங்கள் இருந்தன, எங்கள் லயத்துக்கு மேலே பறக்கும். நான் சத்தம் வரும் பக்கம் தேடுவேன், விமானம் அங்கே இருக்காது. "சத்தத்தைப் பார்க்காதேடா, அதுக்கு முன்னால பாரு" என்பார் அப்பா. ஒலி மெதுவாக வருகிறது, அதற்குள் விமானம் முன்னால் போய்விடுகிறது. அவர் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. பார்த்தே கண்டுபிடித்திருந்தார்.

நானும் கடற்படையில் தொழில்நுட்பராக இருந்து அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறேன். பாடம் சொல்லிக் கொடுக்க ஆசை. எங்கே தொடங்குவது?
*(வாசகர், லுமுட்)*

முதலில் வேறு ஒருவருடைய வகுப்பில் கடைசி வரிசையில் போய் உட்காருங்கள், நண்பரே. நான் அதைச் செய்யவில்லை, அதன் விலையைப் பிள்ளைகள் கொடுத்தார்கள்.

முதல் வருஷம் நான் வகுப்பு எடுக்கவில்லை, ராணுவ விளக்கக் கூட்டம் நடத்தினேன். 50 நிமிடம் நிற்காமல் பேசுவேன், கடைசியில் "சந்தேகம் உண்டா?" என்பேன். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். ஒரு பையன் மூன்று வாரம் வந்துவிட்டு நின்றுவிட்டான். அவன் அம்மாவைச் சந்தையில் பார்த்தபோது கேட்டேன். "உங்களுக்கு நிறையத் தெரியும், ஆனா உங்ககிட்ட கேக்கப் பயமா இருக்காம்" என்றார். அந்தப் பையன் அப்புறம் இயற்பியலையே எடுக்காமல் விட்டுவிட்டான். இன்றும் அது எனக்கு வலிக்கிறது.

அதற்குப் பிறகுதான் மாற்றிக்கொண்டேன். பத்து நிமிடத்துக்கு மேல் பேசுவதில்லை. கேள்வி கேட்டால் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன். பத்து வினாடி மௌனம் ராணுவக்காரனுக்கு மிகவும் கஷ்டம், பழகுங்கள்.

ஒரு டியூஷன் மையத்திலும் கொஞ்ச நாள் இருந்தேன். பழைய தேர்வுத்தாள் மட்டும் போதும், சோதனைக்கு நேரம் இல்லை என்றார்கள். அவர்கள் கவலை அவர்களுக்கு. என்னால் ஒத்துப்போக முடியவில்லை, விலகிவிட்டேன். நீங்கள் மையமாக நடத்த நினைத்தால் கல்வி அமைச்சில் பதிவு செய்ய வேண்டும், அதை முறையாகச் செய்யுங்கள். பாடத்திட்டப் புத்தகங்கள் இரண்டையும், படிவம் 4, படிவம் 5, வரி விடாமல் நீங்களே படித்துக் கணக்குகளைப் போடுங்கள். கருவிகள் நமக்குப் பழக்கம், வெப்பமும் அணுக்கரு இயற்பியலும் துருப்பிடித்திருக்கும்.

உங்கள் கையில் இருப்பது அனுபவம். கப்பல் ஏன் மிதக்கிறது என்பதை ஆர்க்கிமிடீஸ் பாடத்தில் உங்களைப் போல யார் சொல்ல முடியும்? ஆனால் பிள்ளையின் கேள்விக்குப் பதிலாக அந்தக் கதை வர வேண்டும். கேள்விக்கு முன்னால் வந்தால் அது வெறும் பழங்கதை.

எங்கள் வீட்டிலிருந்து பினாங்குக் கொடிமலை தெரியும். அதன் உச்சியில் ஒரு ரேடாரை வைத்தால் சிங்கப்பூருக்கு மேலே பறக்கும் விமானம் தெரியுமா? ரகசியம் என்றால் சொல்ல வேண்டாம்.
*(படிவம் 5 மாணவன், ஆயர் ஈத்தாம்)*

தம்பி, கடைசி வரிக்கு முதலில் பதில். நான் பார்த்த கருவிகளின் எண்களையோ இடங்களையோ சொல்ல மாட்டேன். 1972-ஆம் ஆண்டின் அதிகாரத்துவ ரகசியச் சட்டம் ஓய்வுக்குப் பிறகும் என்னைக் கட்டும், அது சரியும்கூட. ஆனால் நீ கேட்டது ரகசியம் இல்லை, பூமி உருண்டை என்பதுதான் அதற்கு விடை.

ஓரத்தில் ஓர் ஊகம் எழுதிவிட்டு மேலே படி.

ரேடார் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகிறது, காற்று அதைக் கொஞ்சம் கீழே வளைக்கிறது. அதையும் சேர்த்துப் பார்த்தால், உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். கொடிமலையின் உச்சி 833 மீட்டர். அதன் வர்க்கமூலம் சுமார் 28.9, பெருக்கினால் 119 கிலோமீட்டர். விமானம் 10,000 மீட்டர் உயரத்தில் பறந்தால் அதன் அடிவானம் 412. இரண்டையும் கூட்டு, 531 கிலோமீட்டர். இங்கிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 600. ஆக, தெரியாது. ஜொகூர் வரை வந்துவிட்டால் பேசலாம்.

"அதிக சக்தி கொடுத்தால்?" என்று நீ கேட்பாய், எல்லாரும் கேட்பார்கள். அடிவானத்துக்குக் கீழே இருப்பதற்கு எவ்வளவு சக்தி கொடுத்தும் பயனில்லை. மேலே இருப்பதற்கும் சக்தி சுலபமாகத் தீர்வாகாது. தூரம் இரண்டு மடங்கானால் போகும் அலை பரவி நான்கில் ஒரு பங்காகிறது. திரும்பி வரும்போது இன்னொரு நான்கில் ஒரு பங்கு. பெர்கி, பாலிக். மொத்தம் 16-இல் ஒரு பங்கு. இரண்டு மடங்கு தூரம் பார்க்க வேண்டுமென்றால் 16 மடங்கு சக்தி வேண்டும். அதனால் பொறியாளர்கள் பெரும்பாலும் சக்தியைக் கூட்டுவதைவிட, ஆண்டெனாவைப் பெரிதாக்கவும் சன்னமான எதிரொலியைப் பிரித்துக் கேட்கவும்தான் பாடுபடுவார்கள்.

உன் ஊகம் எவ்வளவு என்று எழுது.

ரேடாரில் பறவை தெரியுமா?
*(ஆறாம் ஆண்டு மாணவி, தமிழ்ப்பள்ளி, கெடா)*

தெரியும், பாப்பா! ரேடார் வந்த புதிதில் திரையில் சில புள்ளிகள் மெதுவாக நகரும், வானத்தில் பார்த்தால் விமானம் இருக்காது. என்னவென்று தெரியாமல் அவற்றுக்குத் 'தேவதைகள்' என்று பெயர் வைத்தார்கள். டேவிட் லாக் என்ற பறவை ஆராய்ச்சியாளர் போர்க்காலத்தில் ரேடார் வேலையில் இருந்தார். பறவைகள்தான் அப்படித் தெரிகின்றன என்று கண்டவர்களில் அவரும் ஒருவர். இப்போது பறவைகள் இரவில் எந்த வழியாக நாடு விட்டு நாடு போகின்றன என்பதை ரேடாரில் பார்க்கிறார்கள்.

நீயும் ரேடார் மாதிரி செய்து பார்க்கலாம். பள்ளியில் பெரிய சுவர் இருக்கும் திடலில், சுவரிலிருந்து 60 பெரிய காலடி தள்ளி நில். சத்தம் இல்லாத நேரம் பார்த்து ஒருமுறை பலமாகக் கைதட்டு. தட்டிய சத்தம் திரும்ப வருவது கேட்கும். இப்போது சுவரை நோக்கி ஐந்து ஐந்து காலடியாக வந்து, ஒவ்வொரு முறையும் தட்டு. எந்த இடத்தில் எதிரொலி உன் கைதட்டலோடு ஒட்டிக்கொண்டு தனியாகக் கேட்காமல் போகிறது என்று பார். அங்கிருந்து சுவருக்கு எத்தனை காலடி என்று எண்ணி, இந்தப் பத்திரிகை முகவரிக்கு எனக்கு எழுது. உன் காலடி எத்தனை சென்டிமீட்டர் என்பதையும் சேர்த்து எழுது, அடுத்த இதழில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து கணக்குப் போடலாம்.